விளக்குக் கம்பத்தடியில் ஓர் இடம்: எங்கள் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சிலர்களுக்கும் வாகனத் தரிப்பிடப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில் மின்கார்களுக்கு சார்ஜர் பூட்டித் தந்தீர்கள். அதற்கு அன்றே நன்றி சொன்னோம், இன்றும் சொல்கிறோம். அந்தக் கம்பங்களுக்கு முன்னால் மின்கார்களுக்கென்று இடம் ஒதுக்கித் தாருங்கள் என்று தெருச்சனம் கையெழுத்து வைத்துக் கேட்டோம். அதற்குப் போன வாரம் வந்த பதிலை வாசித்த பிறகுதான் நாலு பேர் பார்க்க இதை எழுதுகிறேன். சார்ஜர்களின் பாவனை குறைவாம், ஆகவே தனி இடம் தேவையில்லையாம்.

பாவனை ஏன் குறைவு? கம்பத்தடியில் பெற்றோல் கார்கள் நிற்கின்றன. பின்னேரம் வந்து நிறுத்தினால் விடியத்தான் எடுப்பார்கள். அவர்களை நான் நோகமாட்டேன். தெருவில் கார் நிறுத்தும் பேர்மிட்டுக்குக் காசு கட்டியவர்கள் இடம் கண்ட இடத்தில் நிறுத்துவார்கள், நிறுத்தக்கூடாது என்று அங்கே ஒரு கோடும் இல்லை, பலகையும் இல்லை. வயரைக் கொழுவியவரின் கணக்குத்தான் சார்ஜரில் ஏறும். இடமில்லாமல் திரும்பிப் போனவர்களை நீங்கள் எந்தக் கணக்கில் பார்த்தீர்கள்?

அப்படித் திரும்பிப் போகிறவர்களில் ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. புகை கூடிய பழைய வாகனங்களுக்கு நாளாந்தம் கட்டணம் அறவிடும் யூலெஸ் திட்டம் 2023 ஓகஸ்ட் 29இல் லண்டன் முழுவதற்கும் வந்தபோது பழைய டீசல் காரைக் கைவிட்டு, கடன்பட்டு ஒரு பாவித்த மின்கார் வாங்கினாள். கம்பத்து சார்ஜர் மெதுவானது, சுமார் 5 கிலோவாற்றுத்தான். வெறும் பற்றரி நிறைய ஒரு முழு இரவு வேண்டும். அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் கம்பத்தடி எல்லாம் நிறைந்திருக்கும். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெற்றோல் செட்டில் இருக்கும் வேக சார்ஜருக்குப் போவாள். அங்கே ஒரு யூனிட் 70 பென்ஸுக்கு மேல். நடுச்சாமத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே காருக்குள் இருக்கிறாள், பிள்ளை வீட்டில் அம்மம்மாவோடு படுத்திருக்கிறது. வீட்டு முற்றத்தில் கார் நிறுத்த வசதியுள்ளவர்கள் அதே யூனிட்டை இரவு நேரக் கட்டணத்தில் 10 பென்ஸுக்கும் குறைவாக எடுக்கிறார்கள். வீட்டிலிருந்து நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுத்துவிடச் சொல்லிச் சிலர் அவளுக்குச் சொன்னார்கள். பொல்லூன்றி நடக்கும் வயோதிபர்கள் தடக்கி விழுவார்கள் என்று அவள் மறுத்துவிட்டாள்.

பெற்றோல் காரை விடு, மின்காருக்கு மாறு என்று எல்லாப் பக்கமும் சொல்கிறார்கள். 2030க்குப் பிறகு புதுப் பெற்றோல் கார் விற்பனை இல்லை என்கிறது அரசாங்கம். சொன்னதைக் கேட்டு மாறியவர்களுக்கு என்ன கிடைத்தது? வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் வற் வரி, தெருவில் ஏற்றும் மின்சாரத்துக்குப் பல ஆண்டுகளாக 20 சதவீதம். 2025 டிசம்பரோடு நகர மத்திக்குப் போகும் மின்கார்களுக்கு இருந்த நெரிசல் கட்டண விலக்கும் போய்விட்டது. முற்றம் இல்லாதவன்தான் எல்லாவற்றுக்கும் கூடக் கொடுக்கிறான். தேர்தல் வந்தால் கோயில் வாசலில் கைகூப்பி நிற்கிறீர்கள், எங்கள் வீட்டுக் கதவையும் தட்டுகிறீர்கள். அப்போது காது கொடுத்துக் கேட்பதை மனு தரும்போதும் கேட்டால் என்ன?

வரி உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்: கம்பத்துக்கு முன்னால் இடம் ஒதுக்குங்கள். 2020இல் வெஸ்ட்மின்ஸ்டரின் சதர்லண்ட் அவெனியூவில் 24 விளக்குக் கம்பங்களை சார்ஜர்களாக மாற்றிக் காட்டினார்கள். கம்பத்தில் சார்ஜர் பூட்டுவது பெரிய வேலையில்லை, அதை நீங்களும் செய்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது ஒரு போக்குவரத்து ஆணையும் தரையில் பூசும் கோடும்தான். மின்னேற்றும் இடத்தில் மின்னேற்றாமல் நிற்கும் வாகனத்துக்குத் தண்டம் எழுத, குறியீடு 14 என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. ஒதுக்கிய இடம் இல்லாமல் அந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

எல்லாக் கம்பங்களையும் கேட்கவில்லை. தெருவில் பாதிக் கம்பங்களுக்கு ஒதுக்கினால் போதும், பெற்றோல் கார் வைத்திருப்பவர்களும் எங்கள் அயலவர்கள்தான். எங்களில் சிலரும் சார்ஜ் நிறைந்த பிறகு காரை எடுக்காமல் பகல் முழுக்க விட்டுவைக்கிறார்கள். அதனால் பகலுக்கு நேர வரம்பு போடுங்கள். இரவுக்கு வேண்டாம், சாமம் மூன்று மணிக்கு எழும்பி வந்து கார் மாற்ற யாராலும் முடியாது.

அடுத்த தரிப்பிட மீளாய்வில் எங்கள் தெருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க முன்னர் ஒரு நாள் இரவு பத்தரைக்கு வந்து கம்பத்தடியில் எந்தக் கார்கள் நிற்கின்றன என்று பாருங்கள், நாங்களும் கூட வருகிறோம். பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் வரி கட்டும் ஒருவன்