விளக்கேற்ற யாரை அழைக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சென்ற நவராத்திரியில், கலைமகளுக்கு எடுக்கும் வாணி விழாவன்று எங்கள் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் விடியவே வந்து தோரணம் கட்டினார், கடலை அவித்தார், அவல் குழைத்தார். விளக்கேற்றும் வேளையில் "சுமங்கலிகள் முன்னுக்கு வாருங்கள்" என்று யாரோ அழைக்க, அவர் பாத்திரம் கழுவப்போவதுபோல வெளியே போய்விட்டார். இறுதிப் போரில் கணவனை இழந்தவர் அவர். அதே விளக்கின் முதல் திரியை ஏற்றியவர், மனைவியை இழந்த ஓர் ஆண் அதிகாரி. அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

2009 இற்குப் பிறகு வன்னியில் தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் இல்லாத ஊர் உண்டா? படிவத்தில் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று மரியாதையாக எழுதிவிட்டு, பூசை அறையில் மட்டும் அவர்களை ஒதுக்குகிறோம். அதுவும் எந்த மண்ணில்? கணவனைப் பறிகொடுத்து நீதி கேட்ட கண்ணகியை, வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரித்து வைகாசிதோறும் பொங்கலிட்டு வணங்கும் மண்ணில்.

வீட்டுச் சடங்கை அவரவர் தீர்மானிக்கட்டும். அலுவலகம் அப்படியல்ல. பால், மதம், சாதியின் பெயரால் பாரபட்சம் கூடாதென்று அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை சொல்கிறது. விழா வேலைகள் பெண்களின் தலையிலேயே விழுவதும், அதில் வேற்று மதத்துப் பெண்களும் மறுக்க முடியாமல் நிற்பதும் தனியே பேச வேண்டியவை.

வரும் நவராத்திரிக்கு முன்பே, பணிமூப்பின்படி விளக்கேற்ற அழைக்குமாறு திணைக்களத் தலைவர்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

வாசகி,
கிளிநொச்சி