ஆடியில் ஓர் அரங்கு கொடுங்கள்: சென்னை சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் அரங்குகளில் மைக் வைத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். மார்கழியில் ஸ்லாட் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். அரங்கு சும்மா கிடக்கும் ஆடி மாதத்தில் ஒரே ஒரு மாலையைப் பரிசோதனை இசைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். எலக்ட்ரோ அக்கூஸ்டிக் என்கிறார்கள். பதிவு செய்த ஒலி, கணினியில் பிறந்த ஒலி, மேடையில் வாசிக்கிற வாத்தியம் என்று எதையும் எதோடும் சேர்ப்பார்கள். ராகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இப்படி ஒரு கச்சேரிக்கு இடம் கேட்டுப் போன சில இளைஞர்களிடம் ஒரு சபாவில், "கரண்ட்ல வர்றதெல்லாம் சங்கீதமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எந்தச் சபா என்பது இங்கே முக்கியமில்லை. கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பல கச்சேரிகளில் ஸ்ருதி இப்போது எங்கிருந்து வருகிறது? பாடகருக்குப் பக்கத்தில் துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெட்டியிலிருந்து, இல்லையென்றால் செல்போன் ஆப்பிலிருந்து. எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கிய பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். எழுபதுகளின் கடைசியில் அவர் ஆரம்பித்த வேலை இன்று யார் கண்ணையும் உறுத்துவதில்லை. கடைசி வரிசை ரசிகர் கேட்கிற மிருதங்கமும் தோலிலிருந்து நேராக அவர் காதுக்குப் போவதில்லை. நடுவில் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்கள் தொழில் ரகசியம். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. எர்த் சரியில்லாத அரங்கில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். ஹம் என்போம். அது 50-லேயே நிற்காது. அதன் மடங்குகளான 100, 150, 200-உம் கூடவே ஒலிக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் ஷட்ஜம், அதாவது அவருடைய ஆதார ஸ்வரம், வினாடிக்கு 196 சுழற்சி. அந்த 196-உம் இந்த 200-உம் உரசும்போது வினாடிக்கு 4 தடவை ஓர் அலை அடிக்கும். பாவம், பாடகர் ஸ்ருதி சேரவில்லையென்று ஆப்பைத் திருகிக்கொண்டிருப்பார். குற்றவாளி சுவரிலிருக்கும் பிளக் பாயின்ட். நான் ஓடிப்போய்க் கேபிளை மாற்றி அந்த அலையை ஒழிப்பேன். அதே அலையைப் பத்து நிமிஷம் வளரவிட்டு, மெல்ல மெல்ல நகர்த்தி, அதையே ஒரு படைப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இடம் கேட்கிறேன்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, சுழலவிட்டு ஒலிபரப்பினார். அவர் கையில் அப்போது டேப் கூட இல்லை, இசைத்தட்டுகள்தான். மணியோசையில் அடி விழும் முதல் கணத்தை மட்டும் நீக்கிப் பார்த்தார். மீதி இருந்தது மணியாகவே கேட்கவில்லை, ஏதோ ஊதுகிற வாத்தியம் போல இருந்தது. தம்புராப் பதிவு ஒன்றில் மீட்டும் கணத்தை வெட்டிவிட்டு நீங்களும் கேட்டுப் பாருங்கள், புரியும்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. 1946-இல் நியூயார்க்கில் பரிசோதனை இசையின் முன்னோடியான அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர் நம் நாட்டு இசைக் கலைஞர் கீதா சாராபாய். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து, மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் மூக் சிந்தசைசரை நிறுவினார். அங்கே கீதா சாராபாயோடு அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் செய்து பார்த்த இசை, நாடாச் சுருள்களில் பல பத்தாண்டுகள் தூங்கியது. பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்த பிறகு, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தது. இந்தியாவின் இந்த இசையைச் சென்னையில் ஒரு நல்ல அரங்கில், உரிய அனுமதி வாங்கி, முறையாக ஒலிக்கவிட வேண்டாமா?

முறையாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரை மேடையோரம் நிறுத்தி லேப்டாப்பைத் தட்டினால் இந்த இசை செத்துவிடும். ஸ்பீக்கர்கள் ரசிகர்களைச் சுற்றி நிற்க வேண்டும். மிக்ஸர் அரங்கின் நடுவில் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்கி, ஒலியைப் பின்சுவரிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து மேடைக்கும் நடத்திச் செல்வார். அன்றைக்கு வித்வான் அவர்தான். (எங்கள் ஆட்களை ரசிகர்கள் திரும்பிப் பார்க்கும் ஒரே கச்சேரி இதுவாகத்தான் இருக்கும், எனக்கு அந்த ஆசையும் உண்டு.) 1974-இல் பாரிஸில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸுவா பெய்ல் அமைத்த ஒலிபெருக்கிக் கோஷ்டியில் சுமார் 80 ஸ்பீக்கர்கள் இருந்தன. நமக்கு எட்டு போதும். ஆனால் முழுப் பகலும் சவுண்ட் செக்குக்கு வேண்டும். ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது ஏறுவதற்குள் பத்து நிமிஷம் தருகிற மார்கழியில் இது நடக்காது. அதனால்தான் ஆடி. ஏசி இரைச்சலுக்கும் வழி பார்க்க வேண்டும். முன்கூட்டியே குளிரவிட்டு, படைப்பு ஓடும்போது நிறுத்திவிடலாம். வாடகையில் ஆடித் தள்ளுபடி தந்தால் இன்னும் நல்லது.

கூட்டம் வருமா என்பீர்கள். அரங்கு நிறையாது, உண்மைதான். வந்தவர்களிலும் சிலர் நடுவில் எழுந்து போவார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குப் போகிறவர்களை வைத்துக்கொண்டு நீங்கள் கச்சேரி நடத்தவில்லையா? டிக்கெட் விலையைக் குறைத்து வையுங்கள், கல்லூரி மாணவர்களை இலவசமாக விடுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் முன்னால் அதை உருவாக்கியவரை இரண்டு நிமிஷம் தமிழில் பேசச் சொல்லுங்கள். பொன்னாடை, நீண்ட வரவேற்புரை எதுவும் வேண்டாம்.

ஸ்பீக்கர், கேபிள், மிக்ஸர் எல்லாம் என் பொறுப்பு, அன்றைக்குக் கூலியும் வேண்டாம். நீங்கள் தேதியைச் சொல்லுங்கள். அப்புறம், காலை ஏழு மணிக்கே அரங்கைத் திறந்துவிடும்படி வாட்ச்மேனிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அரங்குகளின் மைக்செட்காரர்களில் ஒருவன்