யானைக்குச் சாம்பல் நிறம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் மழலையர் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேரன் எல்கேஜி. நாங்கள் இருப்பது ஒத்தக்கடையில். மொட்டை மாடிக்குப் போனால், படுத்த யானை போலவே இருக்கும் யானைமலைப் பாறை முழுசாகத் தெரியும். போன மாதம் பள்ளியில் யானைப் படம் போட்ட தாளைக் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் உடம்பெல்லாம் காவி அடித்து, காலடியில் பச்சை, முதுகில் ரெண்டு மூன்று கறுப்புக் கோடு இழுத்திருக்கிறான். மிஸ் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, 'சாம்பல் நிறம் அடிக்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார். "ஏன்டா தங்கம் காவி அடிச்சே?" என்றால் மாடியைக் கை காட்டுகிறான். "சாயங்காலம் அப்படித்தானே தாத்தா இருக்கு." சரி, கறுப்புக் கோடு? மழைத் தண்ணி வழிஞ்ச தடமாம். நாற்பது வருஷமாக அந்த மலையைப் பார்க்கிறேன், அந்தத் தடத்தை அன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன்.

மிஸ்ஸை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் கேட் வாசலில் நின்றுகொண்டு "இன்னிக்கு எத்தனை பக்கம் எழுதினான்?" என்று கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். ஆனால் நாலு வயசுக் கையில் பென்சிலைத் திணிப்பதற்கு முன்னால் அந்த விரல்களுக்கு வலு வர வேண்டாமா? அது களிமண் பிசைந்தால் வரும், புளியங்கொட்டையைப் பொறுக்கினால் வரும். பாட்டியோடு பல்லாங்குழி ஆடும்போது குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று கத்திக்கொண்டு அள்ளுகிறான். எண்ணிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. பாட்டி ஒரு கொட்டையை ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான்!

இதெல்லாம் புதுசும் இல்லை. 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப்போர் நேரத்தில் நம்ம கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார். குழந்தை தானாக எடுத்துச் செய்யட்டும், பெரியவர்கள் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்பதுதான் அவர் வழி. இப்போது அவர் பெயரை போர்டில் எழுதிவிட்டு உள்ளே ஏபிசிடி காப்பி எழுத வைக்கிற இடங்களும் இருக்கின்றன, அது வேற கதை.

அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாட்டும் கதையும் விளையாட்டுமாக அரசே பாடத்திட்டம் கொடுத்திருக்கிறது. நாமோ அதைச் சத்துமாவும் முட்டையும் கொடுக்கிற இடம் என்று நினைத்து, கடன் வாங்கியாவது வேன் வருகிற பள்ளியில் சேர்க்கிறோம்.

அட்மிஷன் சமயத்தில் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் பள்ளி விளம்பரம் வருகிறது. அதில் அரைப் பக்கத்தை ஒதுக்கி, ஒரு அங்கன்வாடியில் காலையிலிருந்து மதியம் வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் நிருபர் யாராவது உட்கார்ந்து பார்த்து எழுதட்டுமே.

– ஒரு தாத்தா,
ஒத்தக்கடை, மதுரை.