அம்மா ‘போதும்’ என்று சொல்லும் இடம்

சென்னைத் தமிழ் நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அம்மாவுக்குப் பார்வை மங்கி நான்கு வருடமாகிறது. தினமும் காலைக் காபிக்குப் பிறகு உங்கள் கட்டுரைகளை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். மனம் ஒட்டவில்லை என்றால், “போதும்டா, அடுத்ததைப் படி” என்பார். அந்தப் ‘போதும்’ எங்கே விழுகிறது என்று கவனித்து வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஏரிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. தண்ணீரின் பெருமையில் தொடங்கி, அந்தக்கால மன்னர்கள் வெட்டிய குளங்களையெல்லாம் சுற்றிவிட்டு, நான்காவது பத்தியில்தான் அடையாற்றில் உபரிநீரைத் திறந்துவிடும் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வந்தது. அம்மா இரண்டாவது பத்தியிலேயே கையசைத்துவிட்டார். ஏரியில் அக்கறை இல்லாதவர் அல்ல. எங்கள் வீடு ஜாபர்கான்பேட்டையில். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் புகுந்தபோது மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தவர். மதகைத் திறந்தால் தண்ணீர் நம் வாசலுக்கு வருமா என்பதுதான் அவர் கேள்வி. அதை முதல் பத்தியில் எழுப்பியிருந்தால், மன்னர் வெட்டிய குளத்தையும் பொறுமையாகக் கேட்டிருப்பார்.

நான் விடாமல் வாசித்தேன். ‘விநாடிக்கு 1000 கன அடி’ என்று வந்தது.

“அப்படின்னா எவ்வளவுடா?”

கட்டுரையில் பதில் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் நானே கணக்குப் போட்டேன். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவுக்கு வருவது 9000 லிட்டர் தண்ணீர் லாரி. அப்படி மூன்று லாரித் தண்ணீரை ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கொட்டுவதுதான் 1000 கன அடி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அன்னைக்கு எத்தனை லாரி?” 2015இல் உச்சமாகத் திறந்தது 29,000 கன அடி என்பது அரசுக் கணக்கு. விநாடிக்குச் சுமார் 90 லாரி. வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “மேல படி” என்றார். கடைசி வரி வரை கேட்டார். நீளம் அவருக்கு ஒரு தடையாகவே இல்லை. ஆகவே, வாசகருக்குப் பொறுமை போய்விட்டது என்று சொல்லிக் கட்டுரைகளைக் குறுக்காதீர்கள்.

‘நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது’ என்று வாசித்தால், “யாரு சொன்னாங்க, யாரு செய்வாங்க?” என்கிறார். ஆளைக் காணாத வாக்கியத்தில் அவர் கவனம் நிற்பதில்லை. விஷயத்தை ஒளித்துவைத்து ஆவலைத் தூண்டும் தலைப்புகளை இப்போது நான் வாசிப்பதையே விட்டுவிட்டேன். இரண்டு முறை ஏமாந்தபின் அந்தப் பக்கமே வேண்டாம் என்றுவிட்டார்.

1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், மக்கள் பேசும் தமிழுக்கு நெருக்கமாக எழுதச் சொன்னார். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றி நின்று கேட்ட ஊர் இது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அச்சுக்குப் போகுமுன் கட்டுரையை யாராவது ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அந்தத் துறை தெரியாதவராக இருக்கட்டும். அவர் “அப்படின்னா?” என்று கேட்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே திருத்துங்கள். ஆள் தேவைப்பட்டால், காலை ஏழு மணிக்கு மேல் கேட்பதற்கு அம்மா தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
ஜாபர்கான்பேட்டை வாசகன்