வெட்டாமல் திறந்தவருக்கு

நேற்று மாலை பாலத்தைத் திறந்துவிட்டார்கள். காதலர்கள் மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் வீசிய பூட்டுகளை நான்கு நாளாகக் கழற்றினோம், திறந்தபோது கைப்பிடி வலையில் ஒன்றுகூட இல்லை. வலை வழியாக ஆறு தெரிகிறது! இவ்வளவு நாளும் இரும்புச் சுவருக்கு நடுவே நடந்துகொண்டிருந்திருக்கிறோம். உள்ளங்கைக் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது, யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விடுப்பு போட்டு வந்தவர்கள், சாக்கு பிடித்தவர்கள், அடியில் படகு வராமல் பார்த்துக்கொண்டவர்கள், கயிறு கட்டிக் கூட்டத்தைத் திருப்பிவிட்டவர்கள், "கைப்பிடி ஆள் சாய்வதற்கு, பாரம் தொங்கவிட அல்ல" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சலிக்காமல் விளக்கிய பொறியாளர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

மீதி இடம் முழுக்க ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பூட்டு ரிப்பேர் செய்கிற பெரியவர். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஒரு மடக்கு ஸ்டூலோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நாங்கள் திண்டாடுவதைப் பார்த்தார். எஃகு வளையங்களில் கட்டரின் வாய் மழுங்கிக்கொண்டிருந்தது. கிரைண்டர் வைத்தால் பொறி பறந்து பெயின்ட் கருகியது.

"பூட்டுல பூட்டு மாட்டியிருக்காங்க தம்பி. வலையைப் பிடிச்சிருக்கிறதை மட்டும் அறுங்க. மத்தது தானா வரும்."

அறுத்தோம். குலை குலையாக வந்தது. ஒரு நாள் முழுக்க வெளியிலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்த எங்கள் புத்தியை என்ன சொல்ல!

பூட்டுகளுக்கு அடியில் இருந்த வலைக் கம்பியையும் அவர்தான் காட்டினார். பூட்டின் பித்தளையும் கம்பியின் துத்தநாகப் பூச்சும் ஈரத்தில் உரசிக் கிடந்தால் தேய்வது துத்தநாகம்தான். பூச்சு போன இடத்தில் துரு பொருக்கு பொருக்காக நின்றது. பாரிஸில் போன் தே ஸார் நடைபாலத்தில் 2014 ஜூனில் கைப்பிடியின் ஒரு பகுதி பூட்டுகளோடு சரிந்தது, அடுத்த ஆண்டு சுமார் 45 டன் பூட்டுகளைக் கழற்றினார்கள் என்ற செய்தியை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். ஒருவரும் மசியவில்லை. அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் மசிந்தார்கள்.

அன்று மாலை, அங்கே பூட்டு மாட்டியிருந்த ஒரு பெண் வந்தார். திட்டவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார், அவ்வளவுதான். திட்டினால் பதில் சொல்லலாம், அழுகிறவரிடம் என்ன சொல்வது? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினேன். பெரியவர் எழுந்து போய், "என்ன கலரும்மா, எந்தப் பக்கம் மாட்டினீங்க?" என்று கேட்டார். அப்புறம் வலையோடு ஒட்டிக் குனிந்து, நீலம் உதிர்ந்த ஒரு சின்னப் பூட்டைத் தேடிப் பிடித்தார். துளையில் இரண்டு சொட்டு எண்ணெய். ஒரு கம்பியால் லேசாகத் திருப்பிப் பிடித்தபடி இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். காது மட்டும் பூட்டின் பக்கம், கண் எங்கேயோ. டக்கென்று ஒரு சத்தம்.

"வெட்டினது இல்லம்மா. திறந்தது."

"சாவி இல்லாமலா?"

"சாவிதான் ஆத்துல கிடக்குதே."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான்கு நாள் கெடு. துருப்பிடித்த பூட்டு ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகிறது. செய்தி பரவி, மறுநாள் வரிசையே நின்றது. "இப்படி உட்கார்ந்தா முடியாது" என்று அவரிடம் கடுப்பாகச் சொன்னேன். "நீங்க வெட்டுங்க தம்பி. கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் நான் பாக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு பாலத்தில் கூச்சல் கிடையாது. எங்களைக் காதலுக்கு எதிரி என்றவர்களில் சிலரே சாக்கு பிடித்தார்கள். நான் நோட்டீஸ் அடித்து ஒட்டிப் பார்த்தும் நடக்காதது. அன்று அவரிடம் பேசிய தொனிக்கு இங்கே எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கிறேன் ஐயா.

கடைசி நாள் சாமான்களைத் துணியில் சுருட்டிக்கொண்டே, "உங்களுது எது தம்பி?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார்? யாரிடமும் சொன்னதில்லை. கழற்ற வேண்டும் என்று முதலில் கிளம்பியவனின் பூட்டும் அங்கேதான் தொங்கியது என்று எப்படிச் சொல்வது? முதல் நாளே ஏதோ ஒரு சாக்குக்குள் போய்விட்டது, நானே வெட்டியிருக்கவும் கூடும் என்றேன். தலையாட்டிவிட்டு அந்த இரண்டு கம்பிகளையும் என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்று காலை பாலத்தில் புதிதாக ஒரு பூட்டு. திறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை! வெட்டவில்லை. இனி யார் பூட்டையும் கேட்காமல் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீட்டு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்: ஞாயிறு வரை இருக்கும், வந்தால் திறந்து கையில் தருகிறோம். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டு மேசையில் பழைய பூட்டு ஒன்றை வைத்துப் பழகுகிறேன். நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் மல்லாடியும் திறக்கவில்லை. இப்போது, இதை எழுதுவதற்குக் கொஞ்சம் முன்னால், டக்கென்றது.