டோனர் தேடச் சொல்வதற்கு முன்னால்: இதய அறுவைச் சிகிச்சை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாட்டில் இதய அறுவைச் சிகிச்சை செய்யும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் ரத்ததானம் ஒருங்கிணைக்கும் தன்னார்வலன். "நாளைக்கு வால்வ் ஆபரேஷன், நாலு யூனிட் ஓ நெகட்டிவ் வேணும்" என்று ராத்திரி வரும் வாட்ஸப் செய்திக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது என் வழக்கம். இன்னும் நிறைய டோனர்கள் வேண்டும் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. நோயாளியை முன்கூட்டியே தயார் செய்தால் இந்த நாலு யூனிட்டில் பாதியாவது மிச்சமாகுமே என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

விபத்துக்கும் பிரசவ ரத்தப்போக்குக்கும் முன்னறிவிப்பு கிடையாது. அதற்கு நடுராத்திரியில் எழுப்பினாலும் வருவோம். ஆனால் வால்வு மாற்றும் அறுவை அப்படியா? எக்கோ, ஆஞ்சியோ, காப்பீட்டு அனுமதி எல்லாம் முடிந்து தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது. அத்தனை நாளும் ஹீமோகுளோபின் 9, அதாவது ரத்தசோகை, என்று ஃபைலில் எழுதியபடியே கிடக்கிறது. அட்மிஷன் போடும்போதுதான் யாரோ அதைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களை ரத்த வங்கிக்கு விரட்டுகிறார்கள்.

அந்த 9 ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன ஆகிறது என்று, இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டாக இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டு வரும் பெண்கள் பலர் ஒல்லியானவர்கள். 45 கிலோ என்றால் உடம்பில் இருப்பதே சுமார் 3 லிட்டர் ரத்தம். அறுவையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் அந்த இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் திரவம் வேண்டும். இரண்டும் கலந்த மாத்திரத்தில், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே, 9 என்பது 6.4 ஆகிவிடுகிறது. அப்புறம் ரத்தம் ஏற்றாமல் என்ன செய்வார்கள்? அதே பெண் 12 ஹீமோகுளோபினோடு வந்திருந்தால் எட்டரை அளவில் நின்றிருப்பார்.

எட்டரை போதுமா என்று கேட்கலாம். 19 நாடுகளில் சுமார் 5,000 இதய அறுவை நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ட்ரிக்ஸ்-3 ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றியது ஒரு குழு. ஆபரேஷன் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் 9.5-க்குக் கீழே போனாலே ஏற்றியது இன்னொன்று. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் வரை போகும் சிறுநீரகப் பாதிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது முதல் குழு பின்தங்கவில்லை. ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் மட்டும் 73 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். ஆனாலும் "எதுக்கும் ஒரு யூனிட் போட்டு வைப்போம்" என்ற பழக்கம் போகவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. இதய நோயாளிகள் வேறு ஊரிலிருந்து வருவதில்லை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து ஊசி போடுகிறோம். நர்ஸுக்கும் பழக்கம், மருந்தும் இருக்கிறது. ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும் இதய நோயாளிக்கும், உங்கள் சீட்டோடு போனால், சொந்த ஊரிலேயே அதைப் போட்டுவிடலாமே? மாத்திரைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், ஊசிக்குச் சில வாரங்கள் போதும். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை என்பது தெரியும். அதனால்தான் முதல் ஓ.பி.யிலேயே, உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள் என்கிறேன்.

காத்திருக்க முடியாத நோயாளிகள் இருப்பார்கள், அவர்களைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் 505 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முந்தைய நாள்தான் இரும்பு, எரித்ரோபாய்ட்டின் (ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் மருந்து), பி12, ஃபோலிக் அமிலம் நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கே ரத்தத் தேவை குறைந்தது. வயிற்று அறுவையில் இரும்பு ஊசியை மட்டும் நம்பி பிரிட்டனில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துச் சுத்தம் செய்து திரும்பத் தரும் செல் சேவர் இயந்திரம் எல்லா இடத்திலும் சாத்தியமில்லை, ஒவ்வொரு நோயாளிக்கும் புது செட் வேண்டும், சரி. ஆனால் இதய-நுரையீரல் இயந்திரம் தொடங்கும் முன் அதன் குழாயில் இருக்கும் சலைனின் ஒரு பகுதியை நோயாளியின் சொந்த ரத்தத்தாலேயே வெளியே தள்ளிவிட்டால், கலப்பது குறையும். இதற்குப் பெரிய செலவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையை அறுவைக்கு முன் எப்போது நிறுத்த வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுப்பதற்கும் செலவில்லை. ஐ.சி.யூ.வில் பரிசோதனைக்கு, குழந்தைகளுக்கு எடுப்பதுபோல் சின்ன ட்யூபில் ரத்தம் எடுக்கலாம். கனடாவில் 25 ஐ.சி.யூ.க்களில் இப்படிச் செய்தபோது, மாதிரி போதவில்லை என்ற பேச்சு கிட்டத்தட்ட எழவே இல்லை.

துறையிடம் என் கோரிக்கை இதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அவசரமில்லாத இதய அறுவைக்கு முன்அனுமதி கேட்கும்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அளவுகளையும், குறைவாக இருந்தால் என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பதையும் கட்டாயமாகக் கேளுங்கள். ஓர் அறுவைக்குச் சராசரியாக எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை ஒவ்வொரு மையமும் வருடா வருடம் வெளியிடச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த கோரிக்கைகளின் பதிவேடு இருக்கிறது. நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, கேட்டால் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ரத்ததான ஒருங்கிணைப்பாளர்