பழைய தண்ணீரைக் கொட்டாதே, மக்கா

அஞ்சுகிராமம்,
தை 6.

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மகளும் பேரன்களும் வந்திருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் பேனாவைத் தேடி எடுக்க முடிந்தது. நீ எழுதிய நாலு பக்கத்தில் மூன்று பக்கம் குளிர்தான். முழங்கால் வலி, இரட்டைக் கம்பளி, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் மான்செஸ்டர். இங்கே விடியற்காலைப் பனிக்கே தலையில் துண்டு கட்டுகிற ஆள் நீ, அங்கே என்ன பாடுபடுவாய் என்று தெரிகிறது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது குளிர் சமாசாரம் இல்லை. நடுவில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, ஹீட்டிங் பாய்லரில் தண்ணீர் அழுத்தம் காட்டுகிற முள் இறங்கிவிடுகிறது, ஞாயிறுதோறும் நானே குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு ஒன்றரைக்கு ஏற்றிவிடுகிறேன், மருமகனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று. அந்த வரிதான்.

மக்கா, முதலில் அதை நிறுத்து.

நாம் பழையாற்றில் குதித்துக் குளித்து வளர்ந்தவர்கள். ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடக்கிற தண்ணீர் கெட்டது என்பது நம் புத்தியில் ஊறிப்போன விஷயம். பாய்லர் சுடவைத்த தண்ணீர் சுற்றிவந்து அறையைச் சூடாக்குகிற அந்த ரேடியேட்டருக்குள் கணக்கு தலைகீழ். புதுத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கும். சூடாகும்போது கொஞ்சம் காற்றாகப் பிரிந்து போகும், மிச்சம் இரும்பைத் தின்னும். தின்று தீர்த்தபிறகு அந்தத் தண்ணீருக்குப் பல் கிடையாது. வருஷக்கணக்காக உள்ளேயே சுற்றிக் கிடந்தாலும் பெரிய கெடுதல் செய்யாது. நீயோ வாரம் தவறாமல் புதுத் தண்ணீர் விட்டுத் துருவுக்கு விருந்து வைக்கிறாய்!

ரேடியேட்டர் மேலே சுடுகிறது, அடியில் சில்லென்று இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அது அந்த விருந்தின் எச்சில். ஆக்சிஜன் குறைவாக இருக்கும் இடத்தில் இரும்பு நம் ஊர் கேட்டுக் கம்பி மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது. கறுப்பாக, மை போல, வழவழவென்று ஒரு சேறு உண்டாகும். மேக்னடைட் என்பார்கள். ஓட்டம் மெதுவாக இருக்கிற அடிப்பகுதியில் போய்ப் படியும். இதுவே மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மேலே இருக்கிற காற்றுத் துளையைச் சாவி போட்டுத் திறந்துவிட்டால் போதும். அந்தக் காற்றில் சில சமயம் துரு வேலையில் பிரிந்த ஹைட்ரஜனும் இருக்கும், பக்கத்தில் தீக்குச்சி கிழித்து வைக்காதே.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, அந்தச் சாவித் துளை வழியாக ஒரு கண்ணாடி டம்ளரில் கால்வாசி தண்ணீர் பிடி. கீழே பழந்துணி விரித்துக்கொள், உன் மகள் வீட்டுக் கம்பளம் வெள்ளை என்று எழுதியிருந்தாய். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து டம்ளரின் வெளிப்புறம் பிடி. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து காந்தம் இருக்கிற பக்கம் கூடி, மீசை வைத்த மாதிரி கண்ணாடியில் ஒட்டி நிற்கும். பேரனைக் கூப்பிட்டுக் காட்டு, அசந்து போவான்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். 22 வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் ஃபிட்டராக வேறு என்னத்தைப் பார்த்தேன்? மெயின் இன்ஜினைச் சுற்றி ஓடுகிற ஜாக்கெட் வாட்டரும் இதே மாதிரி மூடிய சுற்றுத்தான். வாரம் ஒரு தடவை நாலாவது இன்ஜினியர் அதில் ஒரு சின்னப் பாட்டில் பிடித்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் பார்ப்பார். எங்கள் கப்பலில் நைட்ரைட் என்கிற துருத்தடுப்பு மருந்து 1000 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்குக் கீழே போனால் அவர் முகமும் சேர்ந்து கீழே போகும். அதே வேலைக்கு வீட்டு ஹீட்டிங்குக்கும் மருந்து உண்டு. இன்ஹிபிட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இரும்பின் மேல் மெல்லிய படலம் கட்டித் துருவைத் தடுக்கும். ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 100 லிட்டர் தண்ணீருக்குக் காணும். நீ வாரா வாரம் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, முன்னால் யாராவது ஊற்றியிருந்த மருந்தும் நீர்த்துக்கொண்டே வரும்.

சரி, முள் ஏன் இறங்குகிறது? தண்ணீர் எங்கோ வெளியே போகிறது. ஒழுகலாம். ஆனால் சூடேறினால் முள் மூன்றை எட்டுகிறது, ஆறினால் அரைக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அதில்தான் கண். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் நூற்றுக்கு மூன்று பங்கு போல விரியும். 100 லிட்டருக்கு மூன்று லிட்டர். அது ஒதுங்கத்தான் பாய்லருக்குள் ஓர் இரும்புக் குடுவை, நடுவில் ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் காற்று. அந்தக் காற்று இறங்கிப் போயிருந்தால் விரிகிற தண்ணீருக்கு இடமில்லை. முள் மூன்றைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே துப்பிவிடும். ஆறினதும் முள் கீழே. நீ மறுபடி நிரப்புகிறாய். அது மறுபடி துப்புகிறது.

வெளிச்சுவரில் தரையைப் பார்த்து வளைந்த ஒரு செம்புக் குழாய் இருக்கும். ஹீட்டிங் ஓடும்போது அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பார். நனைந்திருந்தால் நான் சொன்னதுதான். பாய்லர் மூடியை மட்டும் நீ கழற்றாதே. கேஸ் விவகாரம், அங்கே அதற்குப் பதிவுபெற்ற ஆள்தான் தொட வேண்டும்.

வருகிறவர் குடுவையோ ஒழுக்கோ, தண்ணீர் வெளியே போகிற காரணத்தை முதலில் சரிபண்ணட்டும். அப்புறம் சேற்றைக் கழுவி எடுத்து, மருந்து ஊற்றி, குழாயில் ஒரு காந்த ஃபில்டரும் போடச் சொல். இதற்கென்றே அங்கே பி.எஸ். 7593 என்று ஒரு தரநிலை உண்டு. 2019-இல் திருத்தியபோது ஃபில்டரையும் வருஷத்துக்கு ஒரு தடவை மருந்தின் அளவைப் பார்ப்பதையும் அதில் சேர்த்தார்கள். கழுவுகிற மருந்தை மட்டும் உள்ளே விட்டுவிடக் கூடாது. நன்றாக அலசி எடுத்தாரா என்று பக்கத்தில் நின்று பார்.

வீடு சூடாகவில்லை என்று மருமகன் பாய்லரை 80 டிகிரிக்குத் திருகி வைத்திருக்கிறார் என்றாயே, அதில்தான் காசு போகிறது. இந்தக் காலத்துப் பாய்லர், திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கிற ஆவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். சேறு போனால் 60-இல் வைத்தே வீடு சூடாகும்.

குரோய்டனில் இருக்கிற உன் மைத்துனர், தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற சாஃப்ட்னர் வாங்கச் சொல்கிறாராம். அது அவர் வீட்டுக்குச் சரி, லண்டன் பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர். உனக்கு வேண்டாம். மான்செஸ்டருக்குத் தண்ணீர் வருவது மலைப் பக்கத்து ஏரிகளிலிருந்து. தேர்ல்மியர் ஏரியிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல், பம்பே இல்லாமல் சரிவிலேயே ஓடிவருகிறது. 1894-இல் வந்து சேர்ந்ததாம். நம் பேச்சிப்பாறை அணை முடிந்தது 1906-இல், ஏறக்குறைய ஒரே காலம். உன் பிரச்சினை துரு, சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு ஊராக இருந்தாலும் மூடின சுற்றில் ஒருமுறை நிரப்பினதில் இருக்கிற அளவுதான் படியும், திரும்பத் திரும்ப நிரப்பாத வரைக்கும்.

சுண்ணாம்பைப் பற்றி நான் பேசலாம். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள் இல்லையா, என் வீட்டுக் கதை அதுதான். கப்பலில் தண்ணீருக்கு வைத்தியம் பார்த்த நான், மாடியில் சோலார் ஹீட்டர் போட்டபோது போர் தண்ணீரை அப்படியே அதற்குக் கொடுத்தேன். விற்ற ஆள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் வெந்நீர் வெதுவெதுப்போடு நின்றது. ஒரு கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தேன். வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டியது, முட்டை ஓடு மாதிரி. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "வெத்திலைக்கு ஒரு வருஷம் காணும்" என்றாள். இப்போது வருஷம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் கரைத்துக் கழுவுகிறேன். அவள் இன்னும் விடுவதாக இல்லை, வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மாடியைப் பார்க்கிறாள்.

ஊரில் வேறு விசேஷம் பெரிதாக ஒன்றுமில்லை. கும்பப்பூ பயிர் நன்றாக நிற்கிறது. தோவாளையில் மல்லி விலை பனியால் ஏறிக் கிடக்கிறது. உன் வீட்டு மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது, பழுத்ததும் உனக்காக நான் சாப்பிட்டுவிடுகிறேன்.

டப்பா நனைந்ததா என்று மட்டும் உடனே எழுது.

உன்,
குமாரதாஸ்